பந்திக்கா, படைக்கா?

திருத்தணிக்கு வரிசை புதிதில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் புஷ்பக் காவடிகளோடு மலையேறக் காத்திருக்கும் கூட்டம் விடிய விடியக் கால் கடுக்க நிற்கும். ஐந்தாண்டுக்கு ஓரிரு முறை இன்னொரு வரிசையும் இந்த ஊரில் விடிந்தும் விடியாததுமாக முளைக்கிறது. அது மலைக்குப் போகாமல் பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கையில் பூத் சிலிப், அடையாள அட்டை. இன்னும் ஏழு மணி ஆகவில்லை.

உள்ளே அதற்குள் ஒரு குட்டித் தேர்தல் நடந்து முடிந்திருக்கும். வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்பாக, ஐந்தரைக்கே, கட்சி முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு, எண்ணி, ஒப்புகைச் சீட்டுகளோடு சரிபார்த்து, அத்தனையையும் அழித்து, கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து முத்திரை வைப்பார்கள். அதன் பிறகுதான் வரிசையின் முதல் ஆளுக்குக் கதவு திறக்கும்.

அந்த முதல் ஆளிடம் ஒரு கேள்வி கேட்கலாம். காலை 7.01க்குப் போடும் ஓட்டுக்கும் மாலை 5.59க்குப் போடும் ஓட்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். எண்ணும் மேசையில் யாரும் நேரம் பார்ப்பதில்லை. முதல் நூறு பேருக்குப் பரிசு கிடையாது. பிறகு எதற்குக் காலை ஆறரைக்கே வந்து நிற்க வேண்டும்?

எப்போது முந்துவது, எப்போது பின்தங்குவது என்பதற்கு நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. வேடிக்கையாகச் சொன்னாலும் முடிவெடுக்கும் அறிவியலின் இரண்டு விதிகள் அதற்குள் இருக்கின்றன. நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும் பொருள் என்றால் முந்து. பாயசம் கடைசிப் பந்திக்கு மிஞ்சாது. நேரம் ஆக ஆகத் தகவல் கூடிக்கொண்டே போகும் என்றால் பிந்து. எதிரி எங்கே நிற்கிறான் என்பது முன்னால் போனவனுக்கு நடப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் ஓட்டு பந்தியா, படையா? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

வெயில், வேலை, கள்ள ஓட்டு

வரிசையில் நிற்கும் பாட்டியிடம் கேட்டால் கிடைக்கும் பதிலை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள போட்டுட்டு வீட்டுக்குப் போயிடணும் நைனா."

கோடையில் நாளிதழ்கள் வெளியிடும் 'சதமடித்த ஊர்கள்' பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறும். பாரன்ஹீட்டில் நூறு டிகிரியைத் தாண்டினால் சதம். நம் தேர்தல்களோ அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. 2014இல் ஏப்ரல் 24, 2016இல் மே 16, 2019இல் ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. நூறு டிகிரி வெயிலில் அசையாமல் நிற்பது நடப்பதைவிட மோசம். உடம்பைக் குளிர்விக்கத் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நின்ற நிலையில் ரத்தம் கால்களில் தேங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் தலை சுற்றும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நிற்கும்போது அந்த உதவியும் இல்லை. வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. ஆக, பாட்டியின் பதில் உடலியல் பாடத்தின் ஒருவரிச் சுருக்கம். நிழல் நேரம் ஆக ஆகத் தேய்ந்துகொண்டே போகும் பொருள் என்பதால் இது பந்திக் கணக்கு.

அடுத்தவர் சொல்லும் காரணம் வேலை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆக்கியிருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது முழு நாள் ஓய்வு. ஆனால் திருத்தணியைச் சுற்றிப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் ஏராளம். நெய்த அளவுக்குக் கூலி என்று வேலை செய்பவருக்குத் தறி ஓடாத நேரத்தில் வருமானமும் ஓடாது. அவருக்கு இரண்டே வழி: தறியில் உட்காருவதற்கு முன், அல்லது தறியை விட்டு எழுந்த பின். எழும் நேரம் அவர் கையில் இல்லை. நூல் அறும், மின்சாரம் போகும், சரக்கை இன்றைக்கே முடித்துத் தரச் சொல்வார்கள். தன் கையில் இருக்கும் ஒரே நேரம் விடியற்காலை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறார்.

மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்வார்கள். "லேட்டா போனா நம்ம ஓட்ட வேற எவனாவது போட்டுட்டுப் போயிடுவான்."

கள்ள ஓட்டு பற்றிய இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு மருந்து உண்டு. 2018இல் வந்த 'சர்கார்' படம் அதைத் தமிழ்நாடெங்கும் பிரபலமாக்கியது: தேர்தல் நடத்தை விதிகளில் 49பி. உங்கள் பெயரில் ஏற்கனவே ஒருவர் வாக்களித்துவிட்டார் என்றால், நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபித்தபின், அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாக்களிக்கலாம். ஆனால் அந்தச் சீட்டு கருவியின் கணக்கில் சேராது. தனி உறையில் போட்டு முத்திரையிடப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அதைத் திறக்க மாட்டார்கள். வழக்கு என்று வந்து நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு. முந்தியவர் யாராக இருந்தாலும் அவர் ஓட்டு கருவிக்குள். பிந்தியவர் உண்மையானவராகவே இருந்தாலும் அவர் ஓட்டு உறைக்குள். தன் இலையில் வேறொருவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணம் மனதில் இருக்கிற வரைக்கும் ஓட்டு பந்திதான்.

வரிசையின் கணக்கு

எல்லோரும் பந்தி என்று நினைத்து முந்தினால் என்ன ஆகும்? வரிசை நீளும். சீக்கிரம் போனால் சீக்கிரம் முடியும் என்று வந்தவர்களே ஒருவரையொருவர் தாமதப்படுத்துவார்கள்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வாக்குச்சாவடியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பைத் தேர்தல் ஆணையம் 2025இல் 1,500 இலிருந்து 1,200 ஆகக் குறைத்தது. 1,200 பேரில் நூற்றுக்கு எழுபது பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 840 பேர். ஒருவர் உள்ளே போகிறார். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைத் தேடி உரக்கப் படிக்கிறார். அடுத்தவர் விரலில் மை வைத்துக் கையெழுத்து வாங்குகிறார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி வாக்குக்கு அனுமதி தருகிறார். மறைப்புக்குள் போய்ச் சின்னத்தை அழுத்தினால் ஒப்புகைச் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து விழுகிறது. ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்க, சராசரியாக 45 விநாடிக்கு ஒருவர் வெளியே வருகிறார் என்று கணக்குக்காகக் கொள்வோம். 840 பேருக்குப் பத்தரை மணி நேரம் ஆகும். காலை 7 முதல் மாலை 6 வரை சாவடி திறந்திருப்பது பதினொரு மணி நேரம். மிச்சம் அரை மணிதான்.

கேட்டால் போதும்போலத் தோன்றும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற கணிதவியலாளர் இங்கேதான் கையைத் தூக்குவார். தொலைபேசி அழைப்புகள் எப்படித் தாறுமாறாக வந்து குவிகின்றன என்று 1909இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கோட்பாடு என்ற துறையே தொடங்கியது. அந்தத் துறை சொல்லும் முக்கியமான சேதி இது: வேலைக்கும் நேரத்துக்கும் இடைவெளி குறையக் குறைய, காத்திருப்பு மெல்ல ஏறாமல் திடீரென்று எகிறும். நம் 840 பேரும் நாள் முழுக்கப் பரவலாக, ஆனால் மனம்போன நேரத்தில் வந்தால், ஒருவருடைய சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய எட்டு நிமிடம். அதுவே ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது 60 பேர் வெளியே நின்றால், அறுபதாவது ஆளுக்கு முக்கால் மணி நேரம்.

அப்படியானால் ஆறரைக்கு வந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. அமிஹாய் கிளேசரும் ரஃபேல் ஹாசினும் 1983இல் இதையே ஒரு விளையாட்டுக் கோட்பாட்டுச் சிக்கலாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு கடை குறிப்பிட்ட நேரத்தில் திறக்கிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் குறைவாகக் காத்திருக்க விரும்புகிறார். எந்த நேரத்தில் வருவது? எல்லோரும் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தால், ஐந்து நிமிடம் முன்னால் வருபவருக்கு லாபம். அவரைப் பார்த்து இன்னொருவர் பத்து நிமிடம் முன்னால் வருவார். இந்த முந்தல் எங்கேயோ ஓரிடத்தில் நிற்கும். யாராலும் தன் நேரத்தை மாற்றி மேலும் லாபம் பார்க்க முடியாத அந்தச் சமநிலையில், கதவு திறப்பதற்கு முன்பே ஒரு வரிசை இருக்கும் என்பது அவர்கள் கண்டது. சீக்கிரம் வந்தவர் மூடிய கதவின் முன் காத்திருக்கிறார், பிறகு வந்தவர் மனிதர்களுக்குப் பின்னால் காத்திருக்கிறார். செலவு சமம்தான். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு, 1969இல், காலை நேரப் போக்குவரத்து நெரிசலுக்கு இதே மாதிரி விளக்கம் தந்தவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. நெரிசல் என்பது, விரும்பிய நேரத்தில் போய்ச் சேருவதற்காக எல்லோரும் பணமாகக் கொடுக்காமல் நேரமாகக் கொடுக்கும் விலை என்றார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாளே காலமாகிவிட்டார்.

"அப்போ மத்தியானம் போனா காலியா இருக்குமே?" என்று கேட்கும் புத்திசாலி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்கும் ஒரு கணிதம் இருக்கிறது. அமெரிக்காவின் சாண்டா ஃபே நகர மதுக்கூடம் ஒன்றை வைத்து பிரையன் ஆர்தர் 1994இல் ஒரு புதிர் போட்டார். நூறு பேரில் அறுபதுக்கும் குறைவானவர்கள் வந்தால் அந்த இடம் ரம்மியம். அதற்கு மேல் என்றால் நெரிசல். காலியாக இருக்கும் என்று எல்லோரும் கணித்தால் எல்லோரும் வருவார்கள், கணிப்பு பொய்யாகும். நெரிசல் என்று எல்லோரும் கணித்தால் யாரும் வரமாட்டார்கள், அதுவும் பொய்யாகும். எல்லோருக்கும் பொதுவான சரியான கணிப்பு ஒன்று இருக்கவே முடியாது. திருத்தணியில் மத்தியானத்தைக் காலியாக வைத்திருப்பது கணிதம் இல்லை, வெயில்.

பக்கத்து வாளி

வரிசைக் கணக்கு முழுக்கச் சரியாக இருந்தாலும், அறுபதாவது ஆளின் பதில் வேறாக இருக்கும். முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து அவர் சொல்வது: "அப்பாடா, ஒரு வேலை முடிஞ்சுது."

இந்த 'அப்பாடா'வை ஆய்வகத்தில் பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்பாம். 2014இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் ஒரு நீளமான பாதையில் நடக்க வேண்டும். வழியில் இடப்பக்கம் ஒரு வாளி, வலப்பக்கம் ஒரு வாளி. ஒன்று தொடக்கத்துக்கு அருகில், மற்றது முடிவுக்கு அருகில். எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டு போய் முடிவில் வைக்கவேண்டும். முடிவுக்கு அருகில் இருப்பதை எடுத்தால் சுமக்கும் தூரம் குறைவு. பெரும்பாலானவர்கள் எடுத்தது பக்கத்தில் இருந்ததை. கூடுதல் தூரம் பாரத்தைச் சுமந்தார்கள். ஏன் என்று கேட்டபோது, வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தான் என்றார்கள். ஆனால் அவர்கள் முடித்தது வேலையை இல்லை. 'வாளியை எடுக்க வேண்டும்' என்று மனதில் வைத்திருந்த ஒரு வரியைத்தான்.

குழாயடியில் குடம் நிரம்பியதும் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமாக இராது. கையில் இருக்கும் பாரத்தைவிட மனதில் தொங்கும் பாரம் கனமாகத் தெரிகிறது. நாளை மறக்காமல் செய்ய வேண்டும் என்ற ஒவ்வொரு நினைப்பும் மூளையின் செயல் நினைவில் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இருக்கைகள் மிகக் குறைவு. வேலையை முடித்துவிட்டால் இருக்கை காலியாகிவிடும். காலையிலேயே ஓட்டுப் போடுபவர் காலை நேரத்தைச் செலவழித்து, மிச்ச நாளின் மன அமைதியை வாங்குகிறார்.

வேலையை முடிக்காமலே அந்த இருக்கையைக் காலி செய்ய முடியுமா? முடியும் என்கிறது 2011இல் மாசிகாம்போ, பவ்மைஸ்டர் இருவரும் செய்த ஆய்வு. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே, முடியாத வேலை மனதை நச்சரிப்பது குறைந்துவிடுகிறது. இந்தச் சூட்சுமத்தை ஓட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் டேவிட் நிக்கர்சனும் டாட் ரோஜர்ஸும். 2008இல் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த உள்கட்சித் தேர்தலின்போது வாக்காளர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று மூன்றே கேள்விகள் கேட்டார்கள். யாருக்கு ஓட்டு என்று கேட்கவில்லை. பேச முடிந்தவர்களிடையே வாக்களித்தோர் அளவு சுமார் நான்கு சதவீதப் புள்ளி கூடியது. ஒரே ஒரு வாக்காளர் இருந்த வீடுகளில் விளைவு இன்னும் அதிகம். கூட்டுக் குடும்பத்தில் இந்தக் கேள்விகளை அம்மாவே கேட்டுவிடுவாள் அல்லவா: "நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குப் போறோம்? அப்பா மாத்திரை போட்ட பிறகா, முன்னாடியா?" முதல் நாள் இரவு அடுக்களையில் நடக்கும் இந்தப் பேச்சு, திட்டமிட்ட எண்ணம் என்று உளவியல் பெயர் வைத்திருக்கும் அதே சங்கதிதான். அந்தத் திட்டத்தில் விடியற்காலை ஏன் எளிதாக இடம்பிடிக்கிறது என்றால், அதற்கு முன்னால் தடை செய்ய வேறு எதுவும் இல்லை.

விரல் மை

எட்டு மணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு டீக்கடைக்கு வருபவரின் இடதுகை ஆள்காட்டி விரல் பேசத் தொடங்கிவிடும். 1962 பொதுத் தேர்தல் முதல் நம் விரல்களுக்கு வரும் அந்த மை மைசூரில் அரசு நிறுவனம் ஒன்று தயாரிப்பது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடும். நகமும் தோலும் வளர்ந்து உதிர்ந்தால்தான் போகும். ஒருவர் இரண்டு முறை வாக்களிக்காமல் தடுப்பதற்காக வந்தது. ஊரே படிக்கக்கூடிய சான்றிதழாக மாறிவிட்டது.

இந்தச் சான்றிதழின் வலு எவ்வளவு என்று அறிய மிச்சிகனில் 2006ஆம் ஆண்டுத் தேர்தல் ஒன்றில் ஜெர்பர், கிரீன், லாரிமர் மூவரும் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். யார் யார் கடந்த தேர்தலில் வாக்களித்தார்கள் என்ற பட்டியலை அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்படி கடிதத்தில் அனுப்பினார்கள். கடிதம் போகாத வீடுகளில் வாக்களித்தோர் 29.7 சதவீதம், போன வீடுகளில் 37.8. அங்கே கடிதம் எழுதிச் செய்ததை இங்கே ஒரு சொட்டு மை செய்கிறது. "ஓட்டுப் போட்டாச்சா?" என்பது அன்றைக்கு "சாப்பிட்டாச்சா?"வுக்குச் சமமான விசாரிப்பு. காலையிலேயே மை வாங்கிவிட்டவர் நாள் முழுக்க விரலை நீட்டிவிட்டுப் போகலாம்; வாங்காதவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு விசாரிப்பும் உண்டு. சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட் தன் பட்டியலில் வந்தவர் பெயரை அடித்துக்கொண்டே வருவார். பிற்பகலில் அடிக்கப்படாத பெயர்களைத் தேடிக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள். சில வீடுகளுக்கு மூன்று கட்சியும் வரும். காலையில் போட்டுவிட்டவரின் வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

நாள் கணக்கில் முந்துவது

இதுவரை பேசியது மணிக்கணக்கில் முந்துவது. நாள் கணக்கில் முந்துவதும் உண்டு. சுதந்திர இந்தியாவின் தேர்தல் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. முதல் பொதுத் தேர்தல் பெரும்பாலான இடங்களில் 1952 தொடக்கத்தில் நடந்தது. இமாச்சலத்தின் சினி வட்டத்திலோ, பனி விழுந்தால் பாதை மூடிவிடும் என்பதால், 1951 அக்டோபர் 25ஆம் தேதியே வாக்குப்பதிவு. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஷியாம் சரண் நேகி, தேர்தல் பணிக்கு வேறு ஊர் போக வேண்டியிருந்ததால், தன் சாவடிக்கு விடியற்காலையில் போய் முதலில் வாக்களித்துவிட்டுக் கிளம்பினார். முந்திய ஊரில் முந்திய ஆள். வெயிலுக்குப் பதில் பனி, தறிக்குப் பதில் தேர்தல் பணி. காரணங்கள் திருத்தணி வரிசையில் கேட்டவைதான். 71 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 2 அன்று, தன் 105ஆவது வயதில் வீட்டிலிருந்தபடியே தபால் வாக்கு செலுத்தினார். மூன்று நாளில் இறந்துபோனார். அந்த மாநிலத்தின் வாக்குப்பதிவு நாளான நவம்பர் 12ஐ அவர் பார்க்கவில்லை.

நேகி வீட்டிலிருந்து வாக்களித்த ஏற்பாடு 2024இல் முதல்முறையாக மக்களவைத் தேர்தலுக்கும் வந்தது. 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ உடற்குறைபாடு உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்தால், அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழு வீடு தேடி வரும். கூடத்தின் மூலையில் அட்டை மறைப்பு வைத்து, அதற்குள் தாத்தா வாக்களித்து, உறைக்குள் உறையாகப் போட்டு ஒட்டித் தருவார். வீட்டிலிருந்து வாக்களிப்பதாகப் பதிந்துவிட்டால் பிறகு சாவடியில் வாக்களிக்க முடியாது. தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே தபால் வாக்கு. ஊர் விரல்களுக்கெல்லாம் மை வைக்கும் ஆசிரியை தன் வாக்கைச் சில நாள் முன்பே போட்டு முடித்திருப்பார். எண்ணும் நாளில் காலை 8 மணிக்கு முதலில் எடுப்பது இந்தத் தபால் வாக்குகளைத்தான். இலங்கையிலும் அரசு ஊழியர்கள் இப்படி முந்துகிறார்கள். 2024 ஜனாதிபதித் தேர்தல் செப்டம்பர் 21 என்றால் அவர்களுக்குத் தபால் வாக்கு செப்டம்பர் 4 முதல்.

இங்கே சிலருக்கு மட்டும் தரப்படும் இந்தச் சலுகை அமெரிக்காவின் பல மாநிலங்களில் எல்லோருக்கும் உண்டு. 2020 அதிபர் தேர்தலில், கொரோனா காலத்தில், 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்துவிட்டார்கள். அப்படி முந்துபவர்கள் யார் என்று 1990களிலேயே டெக்சஸில் ராபர்ட் ஸ்டைன் ஆராய்ந்தார். வயது கூடியவர்கள், அரசியலில் ஆர்வம் மிகுந்தவர்கள், கட்சிப் பற்று உறுதியானவர்கள். சுருக்கமாக, எப்படியும் வாக்களிக்கப் போகிறவர்கள். கதவை அகலத் திறந்தால் வராதவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வருபவர்கள்தான் இன்னும் சௌகரியமாக வந்தார்கள். பேரி பர்டனும் இன்னும் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. முன்கூட்டி வாக்களிக்கும் வசதியை மட்டும் தனியாகக் கொண்டுவந்த இடங்களில் வாக்களிப்போர் அளவு சற்றுக் குறையவே செய்தது என்றார்கள். அவர்கள் சொன்ன விளக்கம்: வாக்குப்பதிவு பல நாளாகச் சிதறும்போது தேர்தல் நாள் என்ற திருவிழா மங்கிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கிளம்புவதைப் பார்த்துக் கிளம்புபவர்களுக்கு அந்தத் தூண்டுதல் கிடைப்பதில்லை. தேர் ஒரே நாளில் ஓடினால்தான் வடம் பிடிக்க ஊர் கூடும்.

எல்லைக்கோட்டின் இரு பக்கம்

மணிகளில் முந்தினால் போகும் தகவல் ஒன்றுமில்லை. ஓட்டுக் கேட்டு முடித்த பிறகுதான் வாக்குப்பதிவு. 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் முந்தினால்? படைக்குப் பிந்து என்ற பாதி இப்போதுதான் உள்ளே வருகிறது. இதைப் பார்க்கத் திருத்தணியைவிட நல்ல ஊர் கிடைப்பது கடினம்.

1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் வகுத்த தீர்வு, நாடாளுமன்றச் சட்டம் என்று பல படி ஏறி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்போது போட்ட கோடு இன்றைக்கு வாக்குப்பதிவு நாளைத் தீர்மானிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் திருத்தணி வாக்களித்தது ஏப்ரல் 19. கோட்டுக்கு அந்தப் பக்கம், சில மைல் தள்ளி இருக்கும் நகரி வாக்களித்தது மே 13. இந்த ஊரின் ஓட்டு 24 நாள் முந்தியது. 2019இல் நேர்மாறு: ஆந்திரா ஏப்ரல் 11, தமிழ்நாடு ஏப்ரல் 18. ஒரே சந்தைக்குப் பூக்கூடை கொண்டுவருபவர்களில் ஒருவர் விரலில் மை இருக்கும், இன்னொருவர் விரல் வெறுமையாக இருக்கும்.

பிந்தியவருக்கு லாபம் என்ன? அந்த 24 நாளில் வெளியான தேர்தல் அறிக்கைகள், மேடைப் பேச்சுகள், கூட்டணிச் சண்டைகள் அவருக்கு மட்டும் கிடைத்தன. ஆனால் ஒரே ஒரு தகவல் மட்டும் கிடைக்காதபடி சட்டம் பூட்டு போட்டிருக்கிறது. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளை, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிடக் கூடாது என்கிறது 126ஏ பிரிவு. திருத்தணியின் வாக்குகள் ஜூன் 4 வரை, 46 நாள், காவலோடு பூட்டிய அறையில் கிடந்தன. முன்னால் போன படைக்கு என்ன நேர்ந்தது என்பது பின்னால் வருபவருக்குத் தெரிந்துவிட்டால், ஜெயிக்கிற பக்கம் சாய்ந்துவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். ஓட்டைப் படையாக மாற்றாமல் வைத்திருப்பது அந்தப் பூட்டுதான்.

முந்தியவருக்கு நஷ்டம் என்றால் அது மனம் மாறும் உரிமை. சில நாடுகள் அதையும் திருப்பிக் கொடுக்கின்றன. எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் முன்கூட்டியே வாக்களிக்கலாம். மனம் மாறினால் அதே காலக்கெடுவுக்குள் மறுபடி வாக்களிக்கலாம். கடைசியாகப் போட்டதுதான் எண்ணப்படும். சுவீடனில் முன்கூட்டிப் போட்டவர் தேர்தல் நாளில் நேரில் வந்து மாற்றிக்கொள்ளலாம். அந்த வாய்ப்பு இல்லாத இடத்திலும் மக்கள் முந்துகிறார்கள் என்றால், யாருக்குப் போடுவது என்ற முடிவு அவர்களுக்குள் எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள். அவர்களுக்கு மிச்சம் இருக்கும் கவலை அந்த முடிவைச் சாவடிவரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும். வெயில், முதலாளி, கள்ள ஓட்டு, மறதி, கதவைத் தட்டும் கட்சிக்காரர் என்று அன்றைய நாள் குறுக்கே போடக்கூடிய எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்கள் ஓடுகிறார்கள். ஓட்டுக்கு நேரம் ஆக ஆக மதிப்பு குறைவதில்லை. அதைப் போட முடியும் என்ற உறுதிதான் நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறது. ஓட்டைப் பந்தியாக்குவது அதுதான்.

திருத்தணிக்கு இந்த அவசரம் பழக்கமானது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் புத்தாண்டன்று துரைமார்களைப் பார்த்து வணக்கம் சொல்லப் போவது பலருக்கு வழக்கமாக இருந்தது. அதற்கு முன்னால் முருகனுக்கு வணக்கம் சொல்லட்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் டிசம்பர் 31இல் படித் திருவிழாவைத் தொடங்கினார் என்பார்கள். இன்றைக்கும் அன்றிரவு 365 படிகளிலும் பூசை செய்துகொண்டு கூட்டம் ஏறுகிறது. மற்றவர்கள் வந்து நாளைக் கேட்பதற்கு முன்பு தனக்கு முக்கியமானதை முடித்துவிடு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

ஆனால் எல்லோராலும் முந்த முடியாது. தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், கைக்குழந்தை அழும், சென்னையிலிருந்து வரும் ரயில் தாமதமாகும். மாலை ஆறு மணிக்கு மூச்சிரைக்க வந்து வரிசையின் வாலில் நிற்பவருக்கும் தேர்தல் விதியில் ஓர் இடம் இருக்கிறது. மணி அடித்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வரிசையில் நிற்பவர்களுக்குக் கையெழுத்திட்ட எண் சீட்டு கொடுப்பார். அவர்கள் எல்லோரும் வாக்களித்து முடியும்வரை சாவடி மூடாது. புதிதாக யாரும் பின்னால் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, சீட்டு கொடுப்பதைத் தலையிலிருந்து தொடங்கமாட்டார்கள், வாலிலிருந்து தொடங்குவார்கள். அந்த வரிசையில் ஒன்றாம் எண் சீட்டு, எல்லோருக்கும் கடைசியாக வந்து நின்றவருக்கு.